தொங்கவிட்ட கால்

ரத்தக்குழாய் அறுவை வார்டில் சேர்ந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. ஒரு பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலைத் தொங்கவிட்டபடியே கண்ணயர்ந்திருந்தார். விழுந்துவிடுவாரே என்று அவரை மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அலறிவிட்டார். "கால கீழ விடு தாயி!"

சீனியர் சிஸ்டர் ஓடிவந்து காலைத் திரும்பத் தொங்கவிட்டார். வெளுத்திருந்த பாதம் மெல்லச் சிவந்தது. தொடையிலேயே தமனி அடைத்துப்போன கால் அது. சின்னக் கிளைகள் வழியே வருகிற கொஞ்ச ரத்தமும் கால் தாழ்ந்திருந்தால்தான் விரல்வரை இறங்கும். அதையும் நான் தடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

பல வருடப் பீடி, கூடவே சர்க்கரை. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வாதம் என்று எண்ணெய் தேய்த்தே இரண்டு வருடம் போக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் 0.9க்குக் கீழே வந்தாலே அடைப்பு. அவருக்கு 0.3. கட்டைவிரல் கறுத்திருந்தது.

"பைபாஸ் நெஞ்சுலதானே பண்ணுவாங்க?" என்றார் மகன். காலுக்கும் உண்டு. அவர் காலிலேயே தோலுக்கடியில் ஓடும் நீளமான சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலேயும் கீழேயும் தமனியோடு தைப்பார்கள். சிரையின் வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கித்தான் விடும். திருப்பி வைத்தால்தான் பாதத்துக்குப் பாயும். 1948ல் பாரிஸில் ழான் குன்லின் என்ற சர்ஜன் தொடங்கிவைத்த முறை. இன்றும் செயற்கைக் குழாயைவிடச் சொந்தச் சிரைதான் அதிக நாள் உழைக்கிறது.

தியேட்டரிலிருந்து வந்தபோது பாதத்தின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. மணிக்கொரு தரம் அங்கே ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் பென்சிலை வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் நின்றிருந்தால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நான் வைத்தபோது வெறும் கரகரப்பு. கை நடுங்கிவிட்டது. பென்சிலைக் கொஞ்சம் சாய்த்தேன். உஷ்... உஷ்... என்று ரத்தம் ஓடுவது கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் மனைவியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

கறுத்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. கால் தங்கியது.

நாலாம் நாள் ராத்திரி ரவுண்ட்ஸ் போனேன். இரண்டு காலையும் கட்டிலில் நீட்டி, போர்வைக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் தூங்கவில்லை.

"இவரு இப்படிப் படுத்துப் பாத்து ஆறு மாசமாச்சு சிஸ்டர்" என்றார்.