பென்னான்ட் பள்ளத்தாக்கில் புனித மெலாங்கெல்

மே கடைசி வாரம் வேல்ஸ் போயிருந்தோம். அங்கே பெர்வின் மலைகளுக்கு நடுவில் பென்னான்ட் மெலாங்கெல் என்று ஒரு கிறிஸ்தவத் திருத்தலம் இருக்கிறது. ஊர் என்று சொல்ல முடியாது. கோவில், சுற்றிக் கல்லறைத் தோட்டம், பக்கத்தில் ஒன்றிரண்டு வீடு, அவ்வளவுதான். லாங்கனோக் கிராமத்தில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால், ஒரு கார் மட்டுமே போகிற அகலத்தில் இரண்டு மைலுக்குப் பாதை, இரண்டு பக்கமும் வேலிச்செடி கண்ணாடியை உரசுகிறது, எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கோவிலைத் தாண்டினால் மலைதான்.

போனது அக்காவுக்காக. அவளுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. "எந்தக் கோவிலா இருந்தாலும் சரிடி, எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்து" என்று போனில் சொன்னாள். இந்தத் தலத்தில் நோயாளிகளுக்காக, முக்கியமாகப் புற்றுநோயாளிகளுக்காக, பல வருடமாக மன்றாடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கேதான் போக வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது.

கதை இதுதான். மெலாங்கெல் அயர்லாந்து அரசன் மகள். அப்பா கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்ய, இறைவனுக்கே வாழ்வது என்று முடிவெடுத்து, கடல் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, பதினைந்து வருடம் ஓர் ஆணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தவம் இருந்தார். 604ஆம் ஆண்டு, பொவிஸ் நாட்டு இளவரசன் ப்ரோக்வெல் வேட்டைக்கு வந்தான். நாய்கள் ஒரு முயலைத் துரத்த, அது முட்புதருக்குள் ஓடி, அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த மெலாங்கெலின் ஆடை விளிம்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இளவரசன் நாய்களை ஏவ ஏவ அவை ஊளையிட்டுப் பின்வாங்கின. வேட்டைக்காரன் கொம்பு ஊத வாயில் வைத்தான், அது உதட்டோடு ஒட்டிக்கொண்டது. அசந்துபோன ப்ரோக்வெல், அடைக்கலம் தேடி வரும் யாரையும் தொடக் கூடாது என்று சொல்லி அந்த நிலத்தையே அவருக்கு எழுதி வைத்தான்.

இதைக் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் கணவர் எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, இந்த அம்மா நிஜமாவே இருந்தாங்களா?" என்றார். கிண்டல் இல்லை, அவருக்கு அது தெரிய வேண்டும். எனக்கும்தான்.

கிளம்புவதற்கு முன்பு இரண்டு வாரம் தேடிப் படித்ததில் புரிந்தது இவ்வளவு. இந்தக் கதையைச் சொல்லும் லத்தீன் நூலுக்கு 'ஹிஸ்டோரியா டிவே மொனாசெல்லே' என்று பெயர், மொனாசெல்லா என்பது மெலாங்கெலின் லத்தீன் வடிவம். அதன் கைப்பிரதிகள் 16, 17ஆம் நூற்றாண்டு காலத்தவை. அதாவது நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் கையில் இருக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஆயிரம் வருடம். அதோடு கணக்கும் உதைக்கிறது. ப்ரோக்வெலின் பேரன் செலிஃப், 616 வாக்கில் செஸ்டர் போரில் அரசனாகவே செத்தவன். பேரன் அரசாளும் வயதை நெருங்கும்போது தாத்தா இளவரசனாக வேட்டையாடிக்கொண்டிருந்தார் என்றால் எப்படி? பிறப்பைப் பற்றியும் ஒரே பேச்சு இல்லை. வேல்ஸ் புனிதர்களின் பழைய வம்சாவளிப் பட்டியலில் மெலாங்கெலின் அப்பா பெயர் ரிக்குல்ஃப், வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கத்து அரச குடும்பம். அம்மா எத்னிதான் அயர்லாந்துக்காரி.

இவர் ஒருவருக்கு மட்டும் இப்படி இல்லை. வேல்ஸில் 'லான்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர் எங்கே பார்த்தாலும் உண்டு, லான் என்றால் கோவில் வளாகம், அதை ஒட்டி வருவது பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயர். பல ஊர்களில் அந்தப் பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. நாங்கள் திரும்பிய லாங்கனோக்கே கனோக் என்ற புனிதரின் லான். அவர் பிரைக்கன் என்ற அரசனின் மூத்த மகன் என்பார்கள், அந்தப் பிரைக்கனுக்கோ இத்தனை பிள்ளைகள் என்று பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறும், அநேகமாக எல்லாருமே புனிதர்கள்!

கோவிலுக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டம் வட்டமாக இருக்கிறது. அதைச் சுற்றி யூ (yew) என்ற நெடுங்காலம் வாழும் மரங்கள், ஒவ்வொன்றும் அடிமரம் பிளந்து, உள்ளே கூடாகி, அந்தக் கூட்டுக்குள் ஒரு ஆள் நிற்கலாம் போல. இரண்டாயிரம் வயது என்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், பட்டை செம்மண் நிறத்தில் செதில் செதிலாக உரிந்து விரலில் ஒட்டியது. இந்த இடத்தைத் தோண்டியபோது வெண்கலக் காலத்திலேயே இறந்தவர்களை எரித்த தடயம் கிடைத்திருக்கிறது. மெலாங்கெல் வருவதற்கு எவ்வளவோ முன்பே ஜனங்கள் தங்கள் இறந்தவர்களைக் கொண்டுவந்த நிலம் இது. அந்த அம்மா வந்ததால் இடம் புனிதமானதா, புனிதமான இடம் என்பதால் அவர் வந்தாரா?

உள்ளே நுழைந்ததும் மரத் திரை, ஜனங்கள் இருக்கும் பகுதியையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கிற தடுப்பு. 15ஆம் நூற்றாண்டு வேலை. அதன் மேல்விளிம்பில் கதை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது, ப்ரோக்வெல், கையில் செங்கோலோடு மெலாங்கெல், முயல், நாய். முயல் என் கட்டைவிரல் அளவுகூட இருக்காது. கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தேன். ஏடு எப்போது எழுதியதாக இருந்தாலும், எழுத்துக்கூட்டத் தெரியாத விவசாயி இந்த முயலைப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொண்டிருப்பான். சுவரில் பெரிய விலா எலும்பு ஒன்றும் உண்டு, உண்மையில் அது திமிங்கிலத்தினுடையது. மெலாங்கெலின் விலா என்றும் அரக்கியின் விலா என்றும் சொல்லி வைத்திருந்திருக்கிறார்கள்.

அப்புறம் பீடம், மெலாங்கெலின் நினைவாக எழுப்பி ஜனங்கள் வணங்கிய இடம். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. குட்டித் தூண்களின் மேல் செங்குத்தான கூரையோடு ஒரு சின்னக் கல் வீடு. 16ஆம் நூற்றாண்டில், புனிதர் வணக்கத்தை எதிர்த்த மதச் சீர்திருத்தக் காலத்தில் உடைத்துப் போட்டார்கள். ஆனால் கற்கள் எங்கேயும் போகவில்லை, கோவில் சுவரிலும் தோட்டத்து வாசல் மண்டபத்திலும் சாதாரணக் கல்லோடு கல்லாக வைத்துக் கட்டிவிட்டார்கள். நானூறு வருடம் ஜனங்கள் தங்கள் புனிதரின் பீடத்துக் கற்களைக் கடந்துதான் போய்வந்தார்கள். 1958இல் அவற்றை எடுத்துச் சேர்த்தார்கள். 1980களில் கோவிலே இடிந்துவிழும் நிலை, ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் விடாப்பிடியாக நின்று காப்பாற்றினார்கள், பீடமும் மறுபடி சரியாக அடுக்கப்பட்டது. கொடியும் இலையுமாகச் செதுக்கிய பழைய கல், இடைவெளியில் வெறுமையான புதுக் கல், இரண்டும் தெரிகிற மாதிரியே விட்டிருக்கிறார்கள்.

பீடம் உடைந்து கிடந்த காலத்திலும் பக்தி நிற்கவில்லை. இந்தப் பகுதியில் முயலுக்கு 'மெலாங்கெலின் ஆட்டுக்குட்டிகள்' என்று பெயர். ஒரு காலத்தில் முயலைக் கொல்லவே மாட்டார்களாம். வேட்டை நாய் துரத்தும்போது "கடவுளும் மெலாங்கெலும் உன்னோடு இருக்கட்டும்" என்று யாராவது கத்தினால் முயல் தப்பித்துவிடும் என்று நம்பினார்கள், 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் பென்னன்ட் என்ற பயணி இதைக் குறித்து வைத்திருக்கிறார். பீடமும் திருப்பண்டமும் (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) ஏடும் இல்லாமல், துரத்தப்படுகிற ஒரு பிராணியைப் பார்த்ததும் வாயில் வந்த பெயர் அது. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. யாரோ ஒரு பெண் இங்கே இருந்திருக்கிறார், ஓடி வந்த ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறார். அயர்லாந்தா, வடக்கா, ப்ரோக்வெலா, வேறொருவனா என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கோத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் கணவரிடம் அதைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் என் கையில் பேனாவைக் கொடுத்தார்.

பீடத்தடியில் மன்றாட்டுச் சீட்டுகள் நிறையக் கிடந்தன, மடித்ததும் மடிக்காததுமாக. ஒன்றில் குழந்தைக் கையெழுத்தில் 'பாட்டி' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் அக்கா பெயரை எழுதி, முயலுக்காகக் கத்தும் அந்த வார்த்தையையே கீழே எழுதினேன், கடவுளும் மெலாங்கெலும் உன்னோடு இருக்கட்டும் என்று. மெழுகுவர்த்தி ஏற்றி, அது பாதி உருகும்வரை முழங்காலில் இருந்தோம்.

வெளியே வந்தபோது தூறல். வாசல் மண்டபத்தில் நின்று அக்காவுக்குப் போட்டோ அனுப்பப் பார்த்தேன், பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. லாங்கனோக் தாண்டி மேட்டில் ஏறிய பிறகுதான் போனது. உடனே பதில் வந்தது: "அந்த முயலை ஜூம் பண்ணி அனுப்புடி."