செயின்ட் லூயிஸில் ஒரு மூலப் பத்திரம்

"அதை சௌட்டியூன்னு படிக்காதீங்க சித்தப்பா, ஷோட்டோ" என்றான் அண்ணன் மகன், காரை ஓட்டிக்கொண்டே. தெருப் பலகையைச் சத்தமாகப் படித்தது என் தப்புதான். பிரெஞ்சுப் பெயர், அதை அமெரிக்கர்கள் தங்கள் வாய்க்குத் தோதாக வளைத்து வைத்திருக்கிறார்கள். ஷோட்டோ அவென்யூ. பக்கத்தில் பெரிய ரயில் யார்டு. ஒரு காலத்தில் இங்கே ஷோட்டோ குளம் என்று ஒன்று இருந்ததாம். மாவு மில்லுக்காக அணை கட்டித் தேக்கிய குளம். 1849 காலராவுக்குப் பிறகு ஊரார் அதன் மேல் பயம் வந்து வற்றவைத்துவிட்டார்கள்.

"யாருடா இந்த ஷோட்டோ?" என்று கேட்டேன். "ஊரை உண்டாக்கின குடும்பம். தோல் வியாபாரம் பண்ணினாங்க" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அங்கே எம்.எஸ். படிக்கப் போய் மூன்று வருடம் ஆகிறது, அவனுக்கு பேஸ்பால் மைதானமும் இந்திய மளிகைக் கடையும் தெரிந்தால் போதும்.

எனக்குப் போதாது. இருபத்தெட்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தையும் கடலையும் பார்ப்பதற்கு முன்னால் "இந்த இடம் முதல்ல யார் பேர்ல இருந்தது?" என்றுதான் மனசு கேட்கும். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. சரி, இருக்கட்டும்.

மறுநாள் காலை மிசிசிப்பிக் கரைக்குப் போனோம். 630 அடி உயர வளைவு, எல்லாப் படத்திலும் பார்த்ததுதான். அதன் உச்சிக்கு ஏற முட்டை வடிவப் பெட்டி ஒன்றில் மடங்கி உட்கார வேண்டும். முழங்காலை நினைத்து நான் ஏறவில்லை. கீழே உள்ள அருங்காட்சியகத்திலேயே மூன்று மணி நேரம் கழிந்தது. வளைவும் புல்வெளியும் இருக்கும் இடத்தில்தான் பழைய ஊரே இருந்தது. நினைவுச்சின்னத்துக்காக நாற்பது பிளாக் கட்டடங்களை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். தப்பிப் பிழைத்தது பழைய கதீட்ரலும், எதிரே தெரியும் பழைய கோர்ட்டும்.

கதை 1763-இல் தொடங்குகிறது. நியூ ஆர்லியன்ஸில் பியர் லக்லீட் என்ற பிரெஞ்சு வியாபாரி, மாக்சென் என்பவரோடு கூட்டு. மிசூரி ஆற்றுப் பக்கத்துப் பூர்வகுடிகளோடு வியாபாரம் செய்யத் தனி உரிமைச் சீட்டு வாங்கிக்கொண்டு மிசிசிப்பியை எதிர்த்து மேலே வந்தார். இடம் பார்த்துக் குறித்துவிட்டு, 1764 பிப்ரவரியில் கட்டட வேலைக்கு முப்பது பேரை அனுப்பினார். அவர்களுக்குத் தலைமை பதினாலு வயசுப் பையன், ஒகுஸ்த் ஷோட்டோ. பதினாலு வயசில் என் அண்ணன் மகன் சைக்கிள் செயினை மாட்டத் தெரியாமல் என்னிடம் வந்து நிற்பான். அதைச் சொன்னேன், அவன் ரசிக்கவில்லை.

இந்தப் பையன் லக்லீடின் மகன் இல்லை. அம்மா மேரி தெரேஸ், ரெனே ஷோட்டோ என்பவரைக் கட்டி ஒகுஸ்தைப் பெற்றவர். கணவன் விட்டுவிட்டு பிரான்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் லக்லீடோடு வாழ்ந்து நாலு பிள்ளைகள் பெற்றார். கத்தோலிக்கச் சட்டத்தில் விவாகரத்து கிடையாது. அதனால் அந்த நாலும் லக்லீடின் ரத்தம், ஆனால் பெயர் ஷோட்டோ. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம், காகிதத்தில் மட்டும் வேறு.

இங்கேதான் எனக்கு லக்லீட் மேல் மரியாதை வந்தது. 1768-இல் மனுஷன் வீடு, நிலம், அடிமைகள் எல்லாவற்றையும் மேரி தெரேஸுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்துவிட்டார். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட். செத்தபிறகு வாரிசு என்று வந்து நின்றால் சட்டம் அந்தப் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிமைகள் என்ற சொல்லும் அந்தச் சொத்துப் பட்டியலில்தான் இருக்கிறது, வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில். அதைப் படித்துவிட்டு மரியாதை கொஞ்சம் இறங்கியதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஓடிப்போன புருஷன் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பி வந்து, என் மனைவியை என்னிடம் அனுப்புங்கள் என்று ஸ்பானிய கவர்னரிடம் மனுக் கொடுத்தான். அதிகாரிகள் கடிதம் எழுதினார்கள், பதில் எழுதினார்கள், மறுபடி எழுதினார்கள். அந்த அம்மாள் செயின்ட் லூயிஸை விட்டு நகரவில்லை. 1776-இல் ரெனே செத்தபிறகும் லக்லீடைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விதவை என்ற தகுதியில் தன் பேரிலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம், பத்திரத்தில் தானே கையெழுத்துப் போடலாம். கடனில் மூழ்கிய ஒருவரைக் கட்டிக்கொண்டால் அந்தக் கடனும் வீட்டுக்குள் வரும். என் அனுபவத்தில் இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. 1778-இல் லக்லீட், நியூ ஆர்லியன்ஸிலிருந்து திரும்பும் வழியில் ஆர்கன்சா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறந்தார், மாக்சென்னுக்குக் கடன் பாக்கியோடு. அவருடைய மில்லையும் பிறகு பெரிய கல் வீட்டையும் விலை கொடுத்து வாங்கியவர் ஒகுஸ்த். வளர்த்தவர் சொத்தைக் கிரயம் கொடுத்து வாங்கிக்கொண்டார். அதனால் வில்லங்கம் இல்லை.

இதற்குள் கொடி மாறியிருந்தது. லக்லீட் இடம் பார்த்தபோதே பிரான்ஸ் இந்தப் பகுதியை ரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. 1804 மார்ச் 9 அன்று ஸ்பானியக் கொடி இறங்கி, சடங்குக்காக ஒரு நாள் பிரெஞ்சுக் கொடி ஏறி, மறுநாள் அமெரிக்கக் கொடி ஏறியது. மூன்று ராஜ்யத்துக்கும் ஷோட்டோ குடும்பம் ஒரே முகத்தோடு வணக்கம் சொல்லியது. ஸ்பெயின் காலத்தில், ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களோடு வியாபாரம் செய்ய ஆறு வருடத் தனி உரிமை. பதிலுக்கு ஒரு கோட்டை கட்டித் தருவதாக ஒப்பந்தம். கோட்டைக்கு கவர்னர் கரொண்டலே பெயரையே வைத்தார்கள், காரியக்காரர்கள். அமெரிக்கா வந்ததும் ஒகுஸ்தின் தம்பி பியர், ஜனாதிபதி ஜெஃபர்சனைப் பார்க்க ஓசேஜ் தலைவர்களை அழைத்துக்கொண்டு வாஷிங்டன் போனார். அதே வருடம் அரசாங்கத்தின் பூர்வகுடி ஏஜென்ட் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

1809 ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டான் என்ற பூர்வகுடியின் தலைவர் ஷெஹெகேயைப் பத்திரமாக அவர் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். கவர்னர் மெரிவெதர் லூயிஸ் அந்த வேலையை 7,000 டாலருக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனியின் கூட்டாளிகள் யார்? பியர் ஷோட்டோ, அரசாங்க ஏஜென்ட். வில்லியம் கிளார்க், அவரும் அரசாங்க அதிகாரி. அப்புறம் ரூபன் லூயிஸ், கவர்னருடைய சொந்தத் தம்பி. டெண்டர் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த கதை. அண்ணன் மகன் முதல் முறையாக ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, "இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்றான்.

தோல் வியாபாரத்தின் உள்கணக்கு இதுதான். துணி, துப்பாக்கி, வெடிமருந்து, பாசிமணி எல்லாம் பூர்வகுடிகளுக்குக் கடனாகப் போகும். வேட்டைக் காலம் முடிந்து தோலாகத் திரும்பும். திரும்பாவிட்டால் பேரேட்டில் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி எங்கே தீரும்? நில ஒப்பந்தத்தில். 1825-இல் ஓசேஜ் மக்கள் பெரும் பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்திலேயே, பியரின் மூத்த மகனுக்கு வரவேண்டிய கடனுக்காக அரசாங்கம் 1,000 டாலர் தரும் என்று ஒரு ஷரத்து உண்டு. நிலத்தை விட்டவர்கள் ஓசேஜ், அதில் கடனை வசூலித்தவர் வியாபாரி. பிற்காலத்தில் பல ஒப்பந்தங்களில் இதே வழக்கம் தொடர்ந்தது.

பியரின் இன்னொரு மகன், இளைய பியர், இதையெல்லாம் பெரிய கம்பெனியாக்கினார். 1834-இல் அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் மேற்குப் பிரிவையே கூட்டாளிகளோடு வாங்கினார். மிசூரியில் நீராவிப் படகு விட்டார். தெற்கு டகோட்டாவின் தலைநகர் பியர், அவர் பேர்தான். தோல் வியாபாரம் படுத்தபோது தங்கள் வியாபாரக் கோட்டைகளை ராணுவத்துக்கு விற்றார்கள். 1849-இல் ஃபோர்ட் லாரமி 4,000 டாலர். 1855-இல் ஃபோர்ட் பியர் 45,000 டாலர். பணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்த ராணுவம், பாதி இடிந்த கட்டடம் என்று புலம்பியது. சொத்தை நேரில் பார்க்காமல் வாங்காதே என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்.

மதியம் எதிர்ப்பக்கம் நடந்து பழைய கோர்ட்டுக்குப் போனோம். வெயில் நம்மூர் மே மாதம் போல, ஆனால் மோர் விற்பவர் இல்லை. உள்ளே குவிமாடத்துக்குக் கீழே நின்றதும் குளிர்ந்தது.

இந்தக் கோர்ட் நிற்கும் மனைதான் நான் தேடிய மூலப் பத்திரம். 1816-இல் இந்த இடத்தைத் தானமாகக் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஒகுஸ்த் ஷோட்டோ. இன்னொருவர் நீதிபதி ஜான் லூகாஸ். இந்த இருவரும் ஒரே தானத்தில் சேர்ந்தார்கள் என்பதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை. ஸ்பானியர் காலத்தில் நிலம் கேட்டு மனுக் கொடுத்தால் உள்ளூர் அதிகாரி எழுதிக் கொடுப்பார். சர்வே ஆகி, நியூ ஆர்லியன்ஸ் வரை போய் உறுதி ஆக வேண்டும். செலவுக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் போகவில்லை. நம் பாஷையில் சொன்னால் அனுபவம் உண்டு, பட்டா இல்லை. அமெரிக்கா வந்ததும் நிலக் கமிஷன் உட்கார்ந்தது. முன்தேதி போட்ட காகிதங்கள் உள்ளே வருகின்றன என்று சந்தேகப்பட்டுப் பெரிய கோரிக்கைகளுக்கெல்லாம் முட்டுக்கட்டை போட்ட கமிஷனர்தான் இந்த லூகாஸ். பெரிய கோரிக்கைக்காரர்களில் முதல் வரிசையில் ஷோட்டோ. அவர்கள் பக்கம் நின்ற வக்கீல் தாமஸ் ஹார்ட் பென்டன். அந்தப் பென்டன் 1817-இல் ஆற்று நடுவே ஒரு தீவில் லூகாஸின் மகன் சார்லஸைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றார். கொன்றவர் அப்புறம் முப்பது வருடம் செனட்டராக இருந்தார்.

ஷோட்டோவின் ஒரு கோரிக்கை சாராயம் காய்ச்ச விறகு வேண்டும் என்று ஸ்பானியரிடம் கேட்ட காட்டு நிலம். ஒகுஸ்த் 1829-இல் இறந்தார். வாரிசுகள் விடாமல் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1835-இல் ஜெயித்தார்கள்.

தானப் பத்திரத்துக்கு வருகிறேன். அதில் ஒரு நிபந்தனை: இந்த மனை என்றென்றைக்கும் நீதிமன்றத்துக்கே பயன்பட வேண்டும். 1930-இல் புதுக் கட்டடத்துக்குக் கோர்ட் மாறியதும், ஷோட்டோ, லூகாஸ் இரண்டு குடும்பத்து வாரிசுகளும் "நிபந்தனை மீறப்பட்டது, இடத்தைத் திருப்பிக் கொடு" என்று வழக்குப் போட்டார்கள். நூற்றுப் பதினாலு வருடம் கழித்து! வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவர் ஏன் என்று புரியாமல் பார்த்தார். இடம் திரும்பவில்லை, இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது.

இதே கட்டடத்தில் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காக 1847-இலும் 1850-இலும் வழக்காடினார். இரண்டாவது முறை ஜெயித்தார், மாநில மேல்கோர்ட் 1852-இல் அதைக் கவிழ்த்தது. பிறகு வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனபோது பிரதிவாதி ஜான் சான்ஃபோர்ட். அவர் இளைய பியர் ஷோட்டோவின் மாப்பிள்ளை, கம்பெனியின் நியூயார்க் ஆள். 1857-இல் கறுப்பினத்தவர் குடிமகனே ஆக முடியாது என்று சுப்ரீம் கோர்ட் எழுதிய தீர்ப்பில் அவர் பெயர் 'சாண்ட்ஃபோர்ட்' என்று தப்பாக அச்சாகி, இன்றுவரை அப்படியே நிற்கிறது. பிழைத்திருத்தல் பத்திரம் போட யாரும் வரவில்லை.

ஆனால் ஷோட்டோ குடும்பம் தோற்ற வழக்கு ஒன்று உண்டு. மார்கரெட் என்ற பெண் மூத்த பியர் ஷோட்டோவிடம் அடிமை. அவள் அம்மாவைப் பெற்றவள் நாட்செஸ் பூர்வகுடிப் பெண். ஸ்பானிய கவர்னர் 1769-இலேயே பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடை செய்துவிட்டார், பிள்ளையின் நிலை தாயின் வழி என்பது சட்டம், ஆகவே நாங்கள் யாரும் அடிமையே இல்லை என்பது அந்தக் குடும்பத்தின் வாதம். 1805-இல் சகோதரிகள் தொடங்கிய வழக்கு ஜெயித்து, தோற்று, மறுபடி எழுந்து, 1836-இல் பக்கத்து ஜெஃபர்சன் கவுண்டி ஜூரியிடம் முடிந்தது. விடுதலை. ஷோட்டோ சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1838-இல் இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று அனுப்பிவிட்டார்கள். காகிதத்தை வைத்தே ஊரை ஆண்ட வீட்டை, பாட்டியின் வம்சாவளியைச் சாட்சிகளை வைத்து நிரூபித்துப் பேத்தி தோற்கடித்தாள். அவளுக்கு வளைவுக்குக் கீழே ஒரு சிலை வைத்திருக்கலாம்.

மாலையில் கால்வரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஒகுஸ்தும் அங்கேதான், இளைய பியரும் அங்கேதான், ட்ரெட் ஸ்காட்டும் அங்கேதான். ஷோட்டோ கல்லறைகள் பக்கம் எங்களைத் தவிர ஆளில்லை. ஸ்காட்டின் கல்மேல் வரிசையாகச் செம்பு நிறக் காசுகள். லிங்கன் முகம் மேலே தெரியும்படி ஒரு சென்ட் வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம்.

என்னிடம் ஐந்து டாலர் நோட்டுதான் இருந்தது. அண்ணன் மகன் பையைத் தடவினான், ஃபோனும் கார் சாவியும்தான் வந்தன. "காசெல்லாம் யாரு சித்தப்பா இப்ப வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, காருக்கு ஓடிப்போய் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தான்.