பதிவேட்டின் ஐந்து பத்திகள்

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் ஒரு நிவாரண அமைப்பின் கிடங்கை நான் கவனித்துக்கொண்ட முதல் ஆண்டு. மார்ச் 29 அன்று சுமை இறக்க ஒருவரும் வரவில்லை. மருந்துப் பெட்டிகளோடு லாரி நாள் முழுதும் வெயிலில் நின்றது. மறுநாள் கிடங்குக் கணக்கரிடம் கோபித்துக்கொண்டேன். என் அப்பா வயதுக்காரர். "நேற்று போகாண்டா இறந்த நாள்" என்றார், குரலை உயர்த்தாமல். அந்தப் பெயரை அதுவரை சாலைப் பலகையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

மதிய உணவு வேளைகளில் அவரே சொன்னார். பார்த்தெலெமி போகாண்டா 1910இல் லோபாயே பகுதியில் பிறந்தவர். ரப்பர் சேகரிக்கச் சொல்லி கம்பெனிக் காவலர்கள் அடித்ததில் தாய் இறந்துபோனார் என்பார்கள். பாதிரிமார்கள் எடுத்து வளர்த்தார்கள். 1938இல் குருவானார்; பிரெஞ்சு ஆட்சியில் உபாங்கி எனப்பட்ட இந்த நாட்டு மக்களில் அதுவரை ஒருவரும் கத்தோலிக்கக் குருவானதில்லை. 1946இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு திருமணத்துக்காகக் குருத்துவத்தையே துறந்தார்.

1949இல் அவர் தொடங்கிய மெசான் இயக்கத்தின் திட்டம் ஐந்தே சொற்கள்: உணவளி, உடுத்து, குணமாக்கு, கற்பி, குடியமர்த்து. அதைக் கேட்டதும் எழுந்துபோய் என் சரக்குப் பதிவேட்டைத் திறந்தேன். தானியம், துணி, மருந்து, பள்ளிப் பொருள், தார்ப்பாய். அதே ஐந்து பத்திகள், அதே வரிசையில். ஓர் அரசு தன் மக்களுக்குச் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்ததை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு வெளிநாட்டு மூட்டைகளில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நாட்டின் பெயரிலேயே அவருடைய ஏமாற்றம் இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்பது உபாங்கி உட்பட நான்கு பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளும் ஒன்றுசேர்ந்த பெரிய நாட்டுக்கு அவர் எண்ணிய பெயர். மற்ற மூன்றும் சேரவில்லை. 1958 டிசம்பர் 1 அன்று உபாங்கி மட்டும் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, பெர்பெராட்டியிலிருந்து பாங்கி திரும்பிய விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 48. 1960 ஆகஸ்ட் 13இல் வந்த விடுதலையை அவர் பார்க்கவில்லை.

"ஜோ க்வே ஜோ" என்பது சாங்கோ மொழியில் அவர் விட்டுச்சென்ற வாக்கு: எல்லா மனிதரும் மனிதரே. கணக்கர் அதை வாயால் சொல்லி நான் கேட்டது குறைவு. ஆனால் பொருள் வழங்கும் நாட்களில் டோக்கன் எண்ணைக் கூப்பிடமாட்டார். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே அழைப்பார். நேரம் இரண்டு மடங்காகிறது என்று மேலிடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அப்படியே தொடரட்டும் என்று பதில் எழுதினேன்.

அடுத்த ஆண்டு மார்ச் 28 மாலைக்குள் லாரியை இறக்கிவிட்டோம்.