சக்கர் மீனின் வயிற்றைப் பாருங்கள்

மீன் தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனை 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பதை யாராவது நிறுத்தினால் தேவலை. பாசியைத் தின்றே பிழைத்துக்கொள்ளும், தீனியே வேண்டாம் என்று கடையில் சொன்னதை நம்பித்தான் திருப்பூரில் இருந்த என் அக்கா அதை வாங்கினாள். அவள் வீடு மாறியபோது தொட்டியோடு கோவைக்கு என்னிடம் வந்தது. நிறம் வெளுத்து, மூலையில் கிடந்தது. அடிக்கடி மேலே போய்க் காற்றை விழுங்கியது. எப்போதாவது அப்படிச் செய்வது இந்த மீனுக்கு இயல்பு. ஓயாமல் செய்தால் தண்ணீரில் கோளாறு.

பக்கத்து மீன் கடைக்காரர், "வெள்ளைப்புள்ளி நோயா இருக்குமுங்க, இதை ஊத்துங்க" என்று மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைக் கொடுத்தார். நான் நீட்டிய போட்டோவை அவர் பார்க்கக்கூட இல்லை. வெள்ளைப்புள்ளி என்றால் உப்புத் தூவியதுபோல் உடம்பிலும் துடுப்பிலும் தெரிய வேண்டும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் புட்டியைத் திறக்கவில்லை. மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகும், ஓரத்து சிலிக்கான் நீலமாகிவிடும். செம்பு கலந்த மருந்து சக்கருக்கு இன்னும் மோசம்.

அப்புறம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம் என்று வலையில் பிடித்தேன். பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் துடுப்பு கிழியும், கத்தரியால் வலையைத்தான் வெட்ட வேண்டும். இனிப் பிடிப்பவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் தள்ளிப் பிடியுங்கள். மூடி போட்ட பக்கெட்டில் ஸ்கூட்டரில் கொண்டுபோனால், "மாடு, நாய்னா பாக்கலாமுங்க தம்பி, மீனுக்கு நாங்க பாக்கறதில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த அலைச்சலில் மீன் இன்னும் சோர்ந்துபோனதுதான் மிச்சம்.

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. அடிவயிறு முழுக்கத் தெரிந்தது. மார்புத் துடுப்புக்கும் பின் துடுப்புக்கும் நடுவே வயிறு உள்வாங்கிக் குழிவிழுந்து கிடந்தது. கண்ணும் குழிந்திருந்தது. முதுகிலும் பக்கவாட்டிலும் எலும்புத் தகடு இருப்பதால் மேலிருந்து பார்த்தால் இந்த மீன் மெலிந்தது தெரியவே தெரியாது. நோய் இருக்கட்டும், அதற்கு முதலில் பசி.

ஆன்லைனில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்ததில், கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவும் இருந்தது. அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றினேன், குளோரின் நீக்கும் சொட்டு விட்டு. சிறுவாணித் தண்ணீரிலும் குளோரின் உண்டு, குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் கடினமானது, ஒரேயடியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மீன் தாங்காது. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கும் நாளுக்காகப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பும் வாங்கிவைத்தேன்.

தீனியை இரவில் விளக்கணைத்த பிறகுதான் போட வேண்டும், பகலில் மற்ற மீன்கள் தின்றுவிடும். மூழ்கும் ஆல்கே வேஃபர் (பாசி கலந்த வில்லைத் தீனி) பாதி, அப்புறம் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த வெள்ளரித் துண்டு. துண்டு மிதக்கும், ஃபோர்க்கில் குத்திப் போட்டால் அடியில் நிற்கும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே அழுகி அம்மோனியாவாகும். முதலில் சீண்டவே இல்லை. ஒரு காலை பார்த்தால் வெள்ளரியின் தோல் மட்டும் வளையமாகக் கிடந்தது, மீனின் பின்னால் பச்சையாக நீளமாய் ஒரு கழிவு இழை. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வெள்ளை இழையாகவே வந்துகொண்டிருந்தால் குடலில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது குழி நிரம்பி வயிறு தட்டையாகிவிட்டது, வெளுத்த நிறமும் பழையபடி கறுத்துவிட்டது. ஒரு அடிக்கு மேல் வளரும் மீன், என் இரண்டடித் தொட்டி போதாது. "பெருசானா குளத்துல விட்ருங்க" என்கிறார் அதே கடைக்காரர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தென்னமெரிக்க மீன் இது, ஏற்கெனவே நம் ஏரி குளங்களில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவர் இடம் ஒதுக்கும் வரை என்னிடமே இருக்கும்.