பிரிட்ஜ் கைக்கு வரட்டும், அப்புறம் நெக் பாக்கெட்டைத் தோண்டலாம்

"நெக்கை எத்தனை டிகிரி சாய்க்கணும்?" எலெக்ட்ரிக் கிட்டாரைச் சொந்தமாகச் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் முதலில் தெரிய வேண்டியது, பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் உயரம். அது தெரிந்தால் கோணம் தானாகக் கணக்கில் வந்து விழும். அது தெரியாமல் யாரோ சொன்ன 3 டிகிரியில் நெக் பாக்கெட்டை (பாடியில் நெக் உட்காரும் குழியை) அப்படியே வெட்டிவிட்டு, பிரிட்ஜை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறது என்று புலம்புவதில் பயனில்லை.

பிரிட்ஜை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். விற்பவர் தரும் படத்தை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வரும் டியூனோமேட்டிக் (இரண்டு தூண்களில் நின்று ஏறி இறங்கும் வகை) பிரிட்ஜ்களுக்குள்ளேயே உயரம் வித்தியாசப்படும். பிரிட்ஜை அதன் திருகுச் சக்கரங்களோடு தட்டையான பலகைமேல் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து, நடு சேடிலின் (கம்பி உட்காரும் சிறு துண்டின்) உச்சிவரை அளக்க வேண்டும். அது 17 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பிரிட்ஜை இதற்குமேல் இறக்க முடியாது, ஏற்ற மட்டும் முடியும். அதனால் சரிசெய்ய இடம் விட்டு 19.5 மி.மீ.யைக் குறியாக வைக்கலாம்.

அடுத்தது ஆக்‌ஷன். அதாவது ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) மேல் கம்பி நிற்கும் உயரம். 12-வது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 1.8 மி.மீ. வேண்டும் என்றால், 12-வது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் பிரிட்ஜில் அது இரட்டிப்பாகும்: 3.6. நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டில்) கம்பி ஃபிரெட் மட்டத்துக்கு மேலே நிற்கும் 0.4-ஐக் கழித்தால் 3.2 மி.மீ. அதாவது ஃபிரெட்களின் தலைமேல் ஒரு நேர்கோல் வைத்து நீட்டினால், அது பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் பாடியிலிருந்து 19.5 − 3.2 = 16.3 மி.மீ. உயரத்தில் போக வேண்டும். மற்ற எல்லாமே இந்த 16.3-ஐப் பிடிக்கத்தான்.

இப்போது கோணம். 628 மி.மீ. ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), தட்டையான பாடி, 16-வது ஃபிரெட்டில் பாடியோடு சேரும் ஒட்டு நெக் என்று எடுத்துக்கொள்வோம். 16-வது ஃபிரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 249 மி.மீ. ஃபிரெட்போர்ட் (நெக்கின் மேல் ஒட்டும், ஃபிரெட்கள் பதிக்கும் பலகை) நடுவில் 6 மி.மீ., ஃபிரெட் 1.1 மி.மீ.; ஃபிரெட்போர்டின் அடிப்பக்கம் சேரும் இடத்தில் பாடியின் மேற்பரப்போடு மட்டமாக இருந்தால் ஃபிரெட்டின் தலை 7.1-ல் நிற்கும். ஏற வேண்டியது 9.2 மி.மீ. 9.2-ஐ 249-ஆல் வகுத்தால் 0.037, கோணமாகப் பார்த்தால் 2.1 டிகிரி.

இதே கிட்டாரில் ஃபிரெட்போர்டின் கடைசி நுனி, அதாவது 22-வது ஃபிரெட் பக்கம், பாடியோடு மட்டமாக உட்காரட்டும் என்று நினைத்தால் கணக்கே மாறிவிடும். அங்கிருந்து பிரிட்ஜ் வரை வெறும் 176 மி.மீ.தான். அதே 9.2-ஐ அந்தத் தூரத்துக்குள் ஏற வேண்டும், கோணம் 3 டிகிரி ஆகிவிடும். ஒரே பிரிட்ஜுக்கு ஒருவர் 2 என்றும் இன்னொருவர் 3 என்றும் சொல்வது இதனால்தான். இரண்டு பேருமே சரி. எந்தப் புள்ளியிலிருந்து சாய்கிறது என்று சொல்லாமல் டிகிரியை மட்டும் சொல்பவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்காதீர்கள்.

முதல் வழியில் போனால் ஃபிரெட்போர்டின் நுனிக்கும் பாடிக்கும் இடையில் 2.7 மி.மீ. ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். அது கண்ணை உறுத்தினால் இரண்டாவது வழிதான். பாடியின் மேற்பரப்பை நெக் சேரும் விளிம்பை நோக்கி அதே கோணத்தில் சரிவாக இழைக்க வேண்டியிருக்கும். சாய்வால் ஸ்கேல் நீளம் மாறுமே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. 2.1 டிகிரிக்கு அந்த வித்தியாசம் 0.2 மி.மீ.கூட வராது, சேடிலை நகர்த்தினால் முடிந்தது.

பாக்கெட்டை வெட்டும் இயந்திரமான ரூட்டருக்கு டிகிரி தெரியாது, உயரம்தான் தெரியும். அதனால் கோணத்தை ஆப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்: ரூட்டர் ஓடும் 300 மி.மீ. நீளத் தண்டவாளத்துக்கு ஒரு முனையில் 11.1 மி.மீ. தூக்கல். தூக்கல் பிரிட்ஜ் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் பாக்கெட்டின் தரை பிரிட்ஜை நோக்கி ஏறும், நெக்கின் தலையான ஹெட்ஸ்டாக் பின்னால் சாயும். இதைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டால் மரத்தை ஒட்டி நிரப்பி மறுபடி வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெட்டியபின் காலிப்பரின் ஆழக் கம்பியை விட்டுப் பாருங்கள். 75 மி.மீ. நீளப் பாக்கெட்டில் வாய்ப்பக்கம் (நெக் வெளியேறும் விளிம்பு) உள்முனையைவிட (பிரிட்ஜ் பக்க முனையைவிட) 2.8 மி.மீ. ஆழமாக இருக்க வேண்டும். கோணமானியை வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அரை டிகிரி பிசகினாலே பிரிட்ஜில் 2.2 மி.மீ. மாறிவிடும்.

சாய்வே வேண்டாம் என்றால் ஃபெண்டர் கிட்டார்களின் வழி இருக்கிறது. நெக்கின் அடிக்கட்டை 25.4 தடிமன், பாக்கெட் 15.9 ஆழம், வெளியே தெரிவது 9.5 மி.மீ. அதோடு ஃபிரெட் 1.1, ஆக்‌ஷனுக்கு 3.2 சேர்த்தால் சேடில் உச்சி 13.8. தட்டையான ஃபெண்டர் வகை பிரிட்ஜுக்கு இது வசதியான இடம். இதே பாடியில் டியூனோமேட்டிக்கைப் போட ஆசைப்பட்டால் 5.7 மி.மீ. பள்ளம் தோண்டி அதற்குள் பிரிட்ஜை இறக்க வேண்டும், இல்லையா பாக்கெட்டை 10.2 மி.மீ.யோடு நிறுத்தி நெக்கை மேலே தூக்க வேண்டும். இரண்டாவதில் கம்பிகள் பாடியை விட்டு வெகு உயரத்தில் ஓடும், பிக்கப்புக்கு உயரமான ரிங் தேட வேண்டிவரும், வலது கையும் பழகாது. நான் பள்ளத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் அடித்தட்டு பாடிக்கு இணையாக நிற்கும் நிலையில்தான் உயரத்தை அளக்க வேண்டும்.

திருகால் பொருத்தும் போல்ட் நெக்கில் சின்னப் பிசகை ஷிம் (அடியில் செருகும் மெல்லிய துண்டு) சரிசெய்யும். 648 ஸ்கேலில் பாக்கெட்டின் உள்முனையில் 0.5 மி.மீ. ஷிம் வைத்தால், பிரிட்ஜில் ஃபிரெட் மட்டம் 1.7 மி.மீ. ஏறும், கம்பி ஃபிரெட்டை நெருங்கும், பிரிட்ஜை ஏற்ற இடம் கிடைக்கும். விசிட்டிங் கார்டைக் கிழித்து ஒரு முனையில் மட்டும் செருகுவது சோதனைக்குச் சரி. அப்படியே விட்டால் நடுவில் காற்று நிற்கும், திருகின் இறுக்கத்தில் அடிக்கட்டை நாளடைவில் வளைந்து கடைசி ஃபிரெட்கள் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளலாம். அளவு தெரிந்ததும் பாக்கெட் முழுவதையும் நிரப்பும் ஆப்பை மேப்பிளில் தேய்த்துப் போட்டுவிடுங்கள்.

ஒட்டு நெக்கில் பசை தடவும் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ட்ரஸ் ராடை (நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டை) சரிசெய்து நெக்கை நேராக்கி, நெக்கைப் பாக்கெட்டில் கிளாம்ப் போட்டு, ஃபிரெட் தலைகள்மேல் நீள நேர்கோலை வையுங்கள். ஃபிரெட் இன்னும் அடிக்கவில்லை என்றால் 1.1-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் இடத்தில் 16.3-க்குப் பதில் 15.3 காட்டினால், பாக்கெட்டின் வாய்ப்பக்கத் தரையை 0.4 மி.மீ. இறக்கி, உள்முனையை நோக்கிப் பூஜ்யமாகத் தேய்த்துக்கொண்டு போனால் அந்த 1 மி.மீ. வந்துவிடும். தட்டையான கட்டையில் 120 கிரிட் சாண்ட்பேப்பர் ஒட்டித் தேயுங்கள், உளி வேண்டாம். 17 காட்டினால் எதையும் தொடாதீர்கள். பிரிட்ஜை முக்கால் மில்லிமீட்டர் ஏற்றிக்கொண்டால் போதும்.