மலையில் பனி இல்லை, புகை

மன்னவனூரில் அறை போட்டு முன்பணமும் கட்டியிருந்தோம். 2024 மே தொடக்கத்தில் பூம்பாறைப் பக்கம் காடு பற்றிக்கொள்ள, அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகளை விடவில்லை. கொடைக்கானல் ஏரியோடு திரும்பினோம். முன்பணமா? போனது போனதுதான்.

காலையில் பள்ளத்தாக்கில் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து "அப்பா, பனி!" என்றாள் மகள். மூக்கில் ஏறியதும்தான் புகை என்று தெரிந்தது. குளிர்ந்த காற்று கீழே தங்கும்போது புகையும் மேலே போகாமல் அங்கேயே படிந்துவிடும். அம்மாவுக்கு வீசிங் வேறு. இன்ஹேலரும் கையுமாக அறையிலேயே இருந்தார்.

2018 மார்ச்சில் குரங்கணிக்கு மலையேறப் போனவர்கள் தீயில் மாண்டதை நினைத்தால் எங்கள் நஷ்டமெல்லாம் ஒன்றுமே இல்லை. காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும்.

சரி, இந்த முறை காலாண்டு விடுமுறையில்தான் பயணம். மழை பெய்தால் குடை இருக்கிறது.