2027தான்

"2027 மட்டும் வேண்டவே வேண்டாம்" என்று காலையில் தோழி தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஸ்பெயினுக்கு நாங்கள் போக நினைக்கும் நடை யாத்திரையைப் பற்றித்தான் பேச்சு. எனக்கோ 2027தான் வேண்டும்.

ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில், புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அது புனித ஆண்டு. பேராலயத்தின் புனித வாசல் பொதுவாக அப்போதுதான் திறக்கும். 2021-க்குப் பிறகு அடுத்தது 2027.

கூட்டம் நெரியும், அறை கிடைக்காது என்கிறாள். நியாயம்தான்.

ஆனால் கூட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்க அது அருங்காட்சியகமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்கள் நடந்து நடந்துதான் அந்த ஊர் ஊரானது.

யாத்திரைப் பாதையிலுள்ள சாரியா என்ற ஊரிலிருந்து நடப்பதாகத் திட்டம். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் பெற 100 கிலோமீட்டராவது நடக்க வேண்டும். யாத்திரை அட்டையில் முத்திரைகளும் வேண்டும். தேவாலயத்தில் மட்டுமல்ல, வழியோர மதுக்கடையிலும் முத்திரை குத்துவார்கள். பக்தியும் பீரும் ஒரே மேசையில்!

பேராலயத்தில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள தூபக்கலசத்தை எட்டுப் பேர் கயிறு இழுத்துக் கூரைவரை வீசி ஆட்டுவார்கள். தினமும் ஆட்டுவதில்லை. அதற்கும் நாள் பார்க்க வேண்டும்.

ஜூலையை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். மே என்றால் அவளும் வருவாளாம்.